வியட்நாம் கீல்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டால் எனக்கும் இடமாகும். ஆங், போதும். காந்திபுரம்தானே போறீங்க? நான் அதுக்கு முன்னாடியே, கணபதியில் இறங்கிக்கொள்வேன்.

எனக்கு பஸ்ஸில் போய்ப் பழக்கமில்லைங்க. வீட்டில் இரண்டு கார் நிற்கிறது. ஆனால் அன்னூருக்குக் காரில் போனால் மயிலாத்தாள் என்ன நினைப்பாள்? நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைப்பாள். அதற்காகத்தான் பஸ். அதற்காகத்தான் இந்தப் பழைய சுங்குடி. வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். வாசல் தேடி இவ்வளவு தூரம் இறங்கி வந்த மனுஷியிடம் அவள் என்ன பேச்சுப் பேசினாள் தெரியுமா? குமட்டுதுங்க. இந்தக் காலத்து மனுஷர்களை நினைத்தாலே குமட்டுது.

என் பெயர் வசந்தாமணி. சின்னவேடம்பட்டியில் எங்களுக்கு ஒரு பட்டறை. கதவுக்குப் போடுகிற கீல் செய்கிறோம். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவைத் திறந்து சாத்துவீங்க? ஒரு தடவையாவது கீலை நினைத்ததுண்டா? அது முனகும்போதுதான் நினைப்போம். நல்ல கீல் என்றால் அதை யாரும் நினைக்கவே கூடாது, என் வீட்டுக்காரர் நல்லசிவம் அப்படித்தான் சொல்வார். அவர் அப்படியெல்லாம் பேசக்கூடியவர்தான். வியாபாரத்துக்கு அது உதவாது.

முப்பத்தொரு வருஷப் பட்டறை. தகடு வரும், வெட்டுவோம், துளை போடுவோம், ஓரத்தைச் சுருட்டி ஆணியைக் கோப்போம். சுருட்டுகிற பிரஸ்ஸில் உட்காருவதுதான் கஷ்டமான வேலை. அதில் மயிலாத்தாள் பதினேழு வருஷம் உட்கார்ந்தாள். அவளுடைய சுண்டுவிரல் நுனி அந்த பிரஸ்ஸில்தான் போனது. எங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சீட்டெல்லாம் ரத்தம். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. அப்படி வைத்திருந்தோம் அவர்களை.

அப்புறம் சீனாக்காரன் வந்தான். ஆள் வரவில்லை, பெட்டி வந்தது. ஒருநாள் வீட்டுக்காரர் டவுன்ஹால் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். சாப்பிடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வசந்தா, நாம தகடு வாங்கற விலைக்கு அவன் கீலையே குடுக்கறான்."

"அதெப்படி முடியும்?"

"முடியுது. இதா இருக்குதே."

நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தவள்ங்க. எங்கள் மேடம் வகுப்பில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. புதிதாகப் பிறந்த தொழில் குழந்தை மாதிரி, அது நடை பழகும்வரை அரசாங்கம் வரி போட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை என்பார். அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம கொழந்தைக்கு இருபத்தெட்டு வயசாச்சு" என்றார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தாய்க்குப் பிள்ளை எந்த வயதிலும் பிள்ளைதானே?

நான்தான் தூண்டினேன். ஆறு பட்டறைக்காரர்களைச் சேர்த்தோம். அதில் ஒருத்தன் இந்தக் குப்புராஜ். அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், இப்போதே சொன்னால் வாய் கசந்துவிடும். வெளிநாட்டுக்காரன் தன் ஊரில் விற்கிற விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டினால் அதற்கென்று தனியாக ஒரு வரி போடலாம். சும்மா கேட்டால் போடமாட்டார்கள். நாம் நசிந்துபோனோம் என்று டெல்லியில் எழுதிக் காட்ட வேண்டும். அந்த மாதிரி எழுதிக் கொடுப்பதற்கே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அமைந்தவன் பெயர் அரோரா. போனில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவான்.

எங்கள் காகிதத்தையெல்லாம் பார்த்துவிட்டு அவன் சொன்னான், "நீங்கள் நசிந்த மாதிரியே தெரியவில்லையே அம்மா. எல்லோரும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வேலையாட்கள் குறைந்திருக்க வேண்டும். அதிகாரி வரும்போது காலி இடம் தெரிய வேண்டும்."

அவன் சொன்னதில் தப்பென்ன இருக்கிறது? எப்படியும் நாளைக்கு நசியப் போகிறவர்கள்தானே, அதைக் கொஞ்சம் முன்னாடியே காட்டுகிறோம். பொய் கிடையாது. சீக்கிரம் வந்த உண்மை.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் பதினோரு பெண்களையும் கூப்பிட்டு நிற்க வைத்து, கொஞ்ச நாளைக்கு வேலை இல்லை என்று சொன்னேன். வீட்டுக்காரர் வரவில்லை, தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டார். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நான்தான். ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்தேன், நல்ல கனமான போசி. யாரும் அழவில்லை. மயிலாத்தாள்தான் கேட்டாள்.

"மூணு மாசந்தானுங்களே அம்மிணி?"

நான் தலையாட்டினேன். சத்தியமெல்லாம் பண்ணவில்லைங்க. தலையாட்டுவது சத்தியமா? நீங்களே சொல்லுங்க. நாள் முழுக்க எத்தனைக்குத் தலையாட்டுகிறோம்.

அதிகாரி வந்தான். சின்னப் பையன், வடக்கத்திக்காரன். அவன் வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பட்டறையைக் கூட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நூலாம்படை தொங்கியது. நம்ம ஊரில் வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புவோமா? இலை போட்டு வைத்திருந்தேன். பச்சைத் தண்ணீர்கூட வேண்டாமென்று தன் பாட்டிலைத் திறந்து குடித்தான். மரியாதை தெரியாத கூட்டம். எல்லாம் எழுதிக்கொண்டு கடைசியில் இங்கிலீஷில் கேட்டான், இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே?

பதினோரு ஸ்டூலும் காலியாக இருந்தது. மயிலாத்தாள் தன் ஸ்டூலில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பாள், இடுப்பு வலிக்காமல் இருக்க. அந்தத் துணி அப்படியே இருந்தது, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்துபோய். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிக்கவில்லைங்க, நிஜ அழுகை. தேம்பித் தேம்பி அழுதேன். எல்லாம் சீனாவால் வந்தது என்று சொன்னேன். அந்தப் பையன் பேனாவை மூடிவிட்டான்.

வரி வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு. என் அழுகைக்கு வந்த வரி என்று அரோராவே போனில் சொன்னான். அன்றைக்கு மட்டும் மெல்லாமல் பேசினான்.

தையில் வந்தது அது. பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் கேட்டுக்கு வெளியே பதினோரு பேரும் நிற்கிறார்கள். நல்ல சேலை உடுத்தி, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு. கையில் அந்தத் தூக்குப்போசி, நான் கொடுத்தது. சோறு கட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். சொல்லி அனுப்பாமல் ஒரு இடத்துக்கு வருவது என்ன நாகரிகம்?

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "வசந்தா, அவங்களக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லு" என்றார்.

ஏனென்றால் அதற்குள் வியட்நாம் கிடைத்திருந்தது.

வரி சீனாவுக்குத்தானே? வியட்நாமுக்கு இல்லையே. அங்கேயிருந்து அதே கீல் வருகிறது, அதே விலையில். அதே சீனாக்காரன்தான் பக்கத்து நாட்டில் போய்க் கொட்டகை போட்டிருக்கிறான் என்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? காகிதத்தில் வியட்நாம் என்றிருக்கிறது. வரியால் கீல் விலை ஏறிவிட்டது இல்லையா, ஏறின விலைக்கு நாம் விற்கலாம். நாம் செய்தால் தகடு, கரண்டு, ஆள், விரல், ஆஸ்பத்திரி. வாங்கினால் பெட்டி மட்டும்தான். வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பட்டறையிலேயே போய் உட்கார்ந்திருந்தார், ஓடாத மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு. நான்தான் சொன்னேன், "காலம் மாறுதுங்க, நாமளும் மாறோணும்."

எங்கள் அட்டைப் பெட்டி நன்றாக இருக்கும். மஞ்சளும் சிவப்பும். 'இந்தியாவில் தயாரித்தது' என்று நாலு பக்கமும் போட்டிருக்கும். பழைய பெட்டி நிறைய அடித்து வைத்திருந்தோம், அதை வீணாக்க முடியுமா? அதிலேயே போட்டோம். பெட்டி இந்தியாவில் தயாரித்ததுதானே?

சிரிக்கிறீங்களா? இல்லையா? சரி, ஜன்னல் வெயிலுக்கு முகத்தைச் சுளித்தீங்களாக்கும்.

இரண்டு வருஷம் நன்றாகப் போனது. இப்போது இந்தக் குப்புராஜ் ஆரம்பித்திருக்கிறான். ஆறு பட்டறையில் அவன் ஒருத்தன்தான் இன்னும் பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதே பழைய மொபெட், அதே எண்ணெய்ச் சட்டை. பிழைக்கத் தெரியாதவன். பிழைக்கத் தெரியாதவனுக்கு அடுத்தவன் பிழைப்பதைப் பார்த்தால் பொறுக்காது. வியட்நாமுக்கும் வரி போடவேண்டும் என்று டெல்லிக்கு எழுதிவிட்டான். எழுதட்டும். ஆனால் அதோடு நிறுத்தினானா? நல்லசிவத்தின் பெட்டியில் இருப்பது நல்லசிவம் செய்த கீல் இல்லை என்றும் எழுதியிருக்கிறான். எப்படி இருக்கிறது பாருங்க! அன்றைக்கு எங்களோடு ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒப்புட்டு சாப்பிட்டவன். வியட்நாமுக்கும் வரி போட்டால் சாதாரண ஜனங்கள் எப்படிக் கதவு மாட்டுவார்கள்? வரி போட்டுப் போட்டே நாட்டைக் கெடுக்கிறார்கள் இந்த மாதிரி ஆட்கள். போட்டிக்கு நிற்கத் துணிச்சல் கிடையாது, அரசாங்கத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவது. ச்சீ.

நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். பிரஸ் ஓடுகிறதா, ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க. இல்லையென்றால் பெட்டியில் பொய் போட்டதற்குக் கேஸ், லைசென்ஸ் போய்விடும், வீட்டுக்காரரை என்ன செய்வார்களோ தெரியாது. மூன்று நாளாக அவர் சரியாகப் பேசுவதில்லை. பட்டறையில் மெஷினெல்லாம் அப்படியே இருக்கிறது. கூட்டச் சொல்லிவிட்டேன். நூலாம்படையெல்லாம் அடித்தாயிற்று. ஆட்கள்தான் வேண்டும். ஹாஜர் புத்தகத்தில் பதினோரு பெயரும் இன்னும் இருக்கிறது. வரி வந்தபிறகு திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டோம் என்று எழுதித்தானே டெல்லிக்கு அனுப்பினோம்.

பத்துப் பேருக்கும் போன் போட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள், மனப்பாடம் பண்ணின மாதிரி. "மயிலாத்தக்கா வந்தா நாங்களும் வர்றமுங்க." ஒருத்திக்காவது சொந்த புத்தி வேண்டாமா?

அதனால்தான் இன்றைக்கு இந்த அன்னூர்ப் பயணம்.

புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். பெரிய வீடெல்லாம் இல்லை. ஒரு அறை, ஒரு அடுப்படி, அரசாங்கம் கொடுக்கிறதே அந்த மாதிரி. கூரை போட்டாயிற்று, பூசியாயிற்று. வாசலில் நிலைச்சட்டம் வைத்திருக்கிறது, கதவைக் காணோம். சாக்குதான் தொங்குகிறது. அதை விலக்கிக்கொண்டு ஒரு கோழி என் முன்னாலேயே உள்ளே போயிற்று. கதவு சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. நல்ல வேப்பமரக் கதவு.

"வாங்க அம்மிணி. பஸ்ஸுலயா வந்தீங்க?"

"நெலமை அப்பிடி ஆயிப்போச்சு மயிலாத்தா."

அவள் என் காலைப் பார்த்தாள். செருப்பை மாற்ற மறந்துவிட்டேனுங்க. சேலை, வளையல் எல்லாம் யோசித்தவள் செருப்பை யோசிக்கவில்லை. என் பெண் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அவள் அடுப்படிக்குள் போய் வந்தாள். மோர் கொடுத்தாள். உப்பு ஜாஸ்தி.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கதவு மாட்டலியா?" என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"கீலு சரியில்லீங்க" என்றாள். உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். மஞ்சளும் சிவப்பும். எங்கள் பெட்டி.

"கடையில வேற கம்பெனிக் கீலு குடுத்தானுங்க. வேண்டாம்னுட்டேன். எம்பட ஊட்டுக்கு நான் அடிச்ச கீலுதான் போடோணும், அதைக் குடுன்னு நின்னு வாங்கிட்டு வந்தேன். பிரிச்சுப் பாத்தா, இது நம்முளுது இல்லீங்களே அம்மிணி."

"எப்படிச் சொல்றே?"

"கோடு இல்லீங்களே."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள், என்னவோ நான் புதிதாக வேலைக்கு வந்தவள் போல. அவளுடைய பிரஸ்ஸில் இருந்த அச்சில் உள்பக்கமாக ஒரு கீறல் இருந்ததாம். அதில் சுருட்டின ஒவ்வொரு கீலிலும் ஆணி நுழைகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுமாம். பதினேழு வருஷமாக அவள் ஒவ்வொன்றையும் கட்டை விரலால் தடவிப் பார்த்துத்தான் போட்டாளாம். கோடு தெளிவாக இருந்தால் சுருள் சரியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

"கீல்னா கீல்தானே மயிலாத்தா? கதவைத் தாங்குமா தாங்காதா?"

"தாங்குமுங்க. தாங்காதுன்னு நான் எங்கீங்க சொன்னேன்? எம்பட வேலைன்னு அட்டையில போட்டிருக்குதே, அதைத்தான் கேக்கறேன்."

"குப்புராஜ்கிட்ட நீதான் சொன்னியா?"

"இப்ப அவருகிட்டத்தானுங்க வேலைக்குப் போறேன். இந்தக் கீலைக் கொண்டுபோயி வேற மாத்தித் தரச்சொல்லிக் கேட்டேன். இது ஏன்னு கேட்டாரு, சொன்னேன். கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்."

எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாள் பாருங்க! பதினேழு வருஷம் எங்கள் உப்பைத் தின்றவள். வேலை போச்சு, சரி, அதற்காக இன்னொருத்தன் பட்டறையில் போய் உட்காருவாளா? உட்கார்ந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்காரக் கூடாதா? எனக்கு நெஞ்சு எரிந்தது. இருந்தாலும் அடக்கிக்கொண்டேன். காரியம் ஆகவேண்டுமே.

"போனது போகட்டும். நாளைக்கு ஒருநாள் வந்துட்டுப் போ. உன்னைப் பாத்துத்தான் மத்தவங்க வருவாங்க. பத்து மணிக்கு ஆபீசருங்க வர்றாங்க."

"மிசினு ஓட்டோணுங்களா, சும்மா உக்காரோணுங்களா?"

"ஓட்டினா நல்லது. ஓடலீன்னா உக்காந்தாலும் போதும்."

சிரித்தாள். முதலில் சும்மாதான் சிரித்தாள், அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு ஆபீசரு வர்றாருன்னு வெளிய போகச் சொன்னீங்க. இன்னிக்கு ஆபீசரு வர்றாருன்னு உள்ள வரச் சொல்றீங்க. ஆபீசரு வராத நாளெல்லாம் நாங்க எங்கீங்க அம்மிணி இருக்கறது?"

"அப்பறமா வேலையைப் பத்திப் பேசலாம் மயிலாத்தா. நிரந்தரமாவே பேசலாம்."

"மூணு மாசங்களா?"

அதுதான். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்னும் அறுக்கிறது. எப்போதோ நான் தலையாட்டினதை இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்து என் மூஞ்சியில் வீசுகிறாள். நான் எழுந்துவிட்டேன். "அய்யாவை உள்ள போட்டுருவாங்க. உனக்கு அது சந்தோசமா?" என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவள் முகம் மாறியது.

"அய்யா வந்து கேட்டிருந்தா எனக்குச் சங்கட்டமா இருந்திருக்குமுங்க" என்றாள். "அவரு வரமாட்டாருங்க. அவருக்குக் கீலு தெரியும்."

என்ன பேச்சு இது? எனக்குத் தெரியாதா கீல்? என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, வழியில் நாய் இருக்கிறது பார்த்துப் போங்க என்று வேறு சொன்னாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் இன்னும் அருவருப்பு. திட்டியிருந்தால்கூடப் போய்த் தொலைகிறாள் என்று விட்டிருப்பேன்.

உலகமே இப்படி ஆகிவிட்டதுங்க. சீனாக்காரனுக்கு நியாயம் கிடையாது. டெல்லிக்காரனுக்கு ஈரம் கிடையாது. கூட இருந்தவனுக்கு விசுவாசம் கிடையாது. வேலைக்காரிக்கு நன்றி கிடையாது. நம்மை மாதிரி நாலு பேர் நேராக இருக்கப்போய்த்தான் மழை பெய்கிறது.

சரவணம்பட்டி தாண்டியாச்சா? அடுத்தது நான் இறங்க வேண்டும். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. நீங்கள் வேலைக்குப் போறீங்களா? இல்லை, உங்கள் கையைப் பார்த்தேன். காய்த்துப் போயிருக்கிறது. நல்ல கை.

நாளைக்குக் காலையில் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்குதுங்களா? ஒரு மணி நேரம்தான். கார் அனுப்புகிறேன், வீட்டு வாசலுக்கே. மெஷினையெல்லாம் தொடவே வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து கீலை எடுத்து எடுத்துப் பெட்டியில் வைத்தால் போதும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேரைக் கூட்டிவந்தாலும் நல்லதுதான், எல்லோருக்கும் சாப்பாடு நம்ம வீட்டில். வருகிற அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. எத்தனை வருஷமாக வேலை செய்கிறாய் என்று யாராவது மொழிபெயர்த்துக் கேட்டால் பதினேழு என்று சொல்லுங்க. பேர் கேட்டால் மயிலாத்தாள் என்று சொல்லிவிடுங்க. புத்தகத்தில் அந்தப் பேர்தான் இருக்கிறது.

ஏனுங்க, எழுந்துட்டீங்க? இங்கே ஸ்டாப்பே இல்லையே.